சுமையைத் தள்ளிக்கொண்டு போக எது நல்லது: சைக்கிளா, தள்ளுவண்டிலா?

வயலுக்கு நீர்ப்பம்பி, குழாய்ச் சுருள், மண்ணெண்ணெய்க் கான் எல்லாவற்றையும் நடந்தே கொண்டுபோவதென்றால் என் கை முதலில் சைக்கிளுக்குத்தான் நீளும். காரணம் பாதை. குளக்கட்டிலிருந்து இறங்கி வரம்பில் திரும்பும் இடத்தில் ஒரு சில்லுக்குத்தான் இடமிருக்கும். இரண்டு சில்லு வண்டிலில் ஒன்று சேற்றில்தான் நிற்கும்.

ஆனால் சைக்கிளில் ஏற மறந்துவிட வேண்டும். அதைத் தள்ளத் தெரிந்திருக்க வேண்டும். ஆசனத்துக்குப் பின்னால் நிமிர்த்தி ஒரு தடி, ஹாண்டிலில் நீட்டி இன்னொரு தடி. இரண்டையும் பிடித்து ஓரமாக நடந்தால் மிதிகட்டை முழங்காலைப் பதம் பார்க்காது. 1954இல் தியன் பியன் பூ போர்முனைக்கு வியட்நாமியர் இப்படித்தான் ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கும் மேல் தள்ளிச் சென்றார்கள். எரிபொருள் தடை இருந்த தொண்ணூறுகளில் வன்னியின் விறகுக் கட்டுகளும் சைக்கிளில்தான் நகர்ந்தன.

தொல்லை, நிறுத்தும்போது. பாரம் ஏற்றிய சைக்கிளை ஸ்டாண்டில் விட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பினால் மணலில் ஸ்டாண்ட் புதைந்து மெல்லச் சாயும். ஒருமுறை அப்படிச் சாய்ந்து கான் மூடி கழன்று, அரைக் கான் எண்ணெயை நிலம் குடித்தது.

தள்ளுவண்டிலுக்கு அந்தக் கவலை இல்லை; விட்ட இடத்தில் நிற்கும். கிறவல் வீதியிலும் தார் வீதியிலும் அதுதான் ராசா. சுமையை அச்சிலிருந்து சற்றுப் பிடிப் பக்கமாக வைத்தால் பிடி மேலே எகிறாது. மாரியில் மட்டும் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.