பண்டிகை வழியா ஹிஸ்டரி: ஆன்லைன் கோர்ஸுக்கு காசு குடுக்கலாமா?

பெங்களூர் அப்பார்ட்மெண்ட் க்ரூப்ல எல்லாம் சுத்திட்டு இருக்கே, ஆறுல இருந்து எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு ஒவ்வொரு பண்டிகை லீவுக்கும் ஒரு ஹிஸ்டரி மாட்யூல்னு, அதப் பத்திதான். கம்பெனி பேரு வேண்டாம், பாக்குறவங்களுக்கு புரிஞ்சிடும். பொண்ணு ஏழாவது. தசரா, அமெரிக்காவோட தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாம் பாத்தாச்சு. தனித்தனியா வாங்கலாம், ஆனா எல்லாத்தையும் வாங்காதீங்க.

தசரா மாட்யூல்தான் டாப். மைசூர் யானை ஊர்வலம், அம்பாரின்னு நமக்கு தெரிஞ்சதுல ஆரம்பிச்சு நேரா விஜயநகரத் தலைநகரா இருந்த ஹம்பிக்கு போயிட்டாங்க. மகாநவமி திப்பா மேடையோட சுவர் போட்டோவ ஸ்க்ரீன்ல போட்டு, ஜூம் பண்ணி யானை, குதிரை, ஒட்டகம், வெளிநாட்டு ஆளுன்னு ஒண்ணொண்ணா கண்டுபிடிங்கன்னு சொன்னாங்க, பசங்க சாட்ல போட்டி போட்டு டைப் பண்ணுதுங்க. அப்புறம் டொமிங்கோ பயஸ், அதான் 1520 வாக்குல கிருஷ்ணதேவராயர் காலத்துல வந்த போர்ச்சுகீசியர், அந்த ஒன்பது நாள் விழால மல்யுத்தம், டான்ஸ், வாணவேடிக்கை எல்லாம் பாத்துட்டு எழுதி வெச்சத படிக்கக் குடுத்தாங்க. 1565 தலைக்கோட்டை போருக்கு அப்புறம் ஹம்பி போச்சு, 1610ல ஸ்ரீரங்கபட்டணத்துல மைசூர் ராஜா ராஜ உடையார் அதே தசராவ ஏன் எடுத்து நடத்துறாருன்னு கேள்வி. ‘நான்தான் அடுத்த ராஜான்னு காட்டவா?’ன்னு என் பொண்ணு கேட்டா பாருங்க, பக்கத்து ரூம்ல இருந்த எனக்கே சிலிர்த்துடுச்சு.

தேங்க்ஸ்கிவிங் நமக்கு எதுக்குடான்னு தோணும், ஆனா அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. 1621ல அமெரிக்கால இங்கிலீஷ்காரங்க குடியேறின பிளிமத்ல நடந்த விருந்து பத்தி நேர்ல இருந்தவங்க எழுதினது ரொம்ப கொஞ்சம்தான், அதுல ஒரு லெட்டர்ல வாம்பனோவாக்ங்கிற அந்த ஊர் பழங்குடி ஆளுங்க அஞ்சு மான் வேட்டையாடி குடுத்தாங்கன்னு இருக்கு, பறவைங்க இருந்துச்சு ஆனா வான்கோழின்னு பேரு சொல்லி எழுதல. இப்ப வான்கோழி இல்லாம பண்டிகையே இல்ல! லிங்கன் இத தேசிய நாளா அறிவிச்சது 1863ல, உள்நாட்டுப் போர் நடுவுல. கிறிஸ்துமஸ்ல காலண்டர் கதை. 1582ல புது காலண்டருக்கு மாறினப்ப அக்டோபர் 4க்கு அடுத்த நாளே 15, ரஷ்ய சர்ச் இன்னும் பழைய காலண்டர்லயே இருக்கு, அதனாலதான் ரஷ்யால கிறிஸ்துமஸ் ஜனவரி 7. ஓகே, சுருக்கமா நீட்டா முடிச்சாங்க.

பொங்கல்தான் கடுப்பு. வேற டீச்சர், அவங்க ஸ்லைட பாத்து படிக்கிறாங்க, ‘தென்னிந்தியாவோட லோஹ்ரி’ன்னு, அதான் அந்த பஞ்சாப் பண்டிகை, ஒரு லைன் வேற (எங்க வீட்டுக்காரர் முகத்த பாக்கணும்). கடைசில பானைக்கு கலர் அடிக்கிற வொர்க்‌ஷீட், ஏழாங்கிளாஸ் பிள்ளைக்கு! உத்தராயணம்னு சொல்றோம், ஆனா சூரியன் நிஜமா வடக்க திரும்புறது டிசம்பர் 21, 22ல, அப்புறம் ஏன் ஜனவரி 14? பூமியோட அச்சு மெதுவா சுத்துறதால பொங்கல் நாள் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப் போகுது, இத அவங்க சொல்லவே இல்ல. கிறிஸ்துமஸ்ல சொன்ன காலண்டர் கதையோட இத கோத்திருந்தா எவ்ளோ அழகா இருந்திருக்கும்.

ஆனா ஒண்ணு, ‘யாரு சொன்னா, எப்ப சொன்னா, நேர்ல பாத்தாங்களா’ன்னு கேக்குற பழக்கம் இவளுக்கு ஒட்டிக்கிச்சு. கார்த்திகை கடைசி திங்கள் பசவனகுடி கடலேகாய் பரிஷேக்கு, அதான் நிலக்கடலை திருவிழாவுக்கு போயிருந்தோம், மாடு வந்து கடலைய தின்னுச்சு, அதான் கெம்பேகவுடா 1537ல கோயில் கட்டினார்னு கதை சொல்றேன், இவ கூகுள் பண்ணிட்டு ‘கடலை தென் அமெரிக்கா செடிம்மா, போர்ச்சுகீசியர் கொண்டு வந்ததுன்னு சொல்றாங்க, அதுக்குள்ள பெங்களூர் வயலுக்கு வந்திருக்குமா?’ங்கிறா. கடலை விக்கிற அக்கா சிரிச்சிட்டு ஒரு கைப்பிடி எக்ஸ்ட்ரா போட்டாங்க. இந்த மாதிரி லோக்கல் மேட்டர் ஒண்ணு கூட கோர்ஸ்ல இல்ல, சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா கூட இல்ல, எவ்ளோ தமிழ் ஜனம் போற இடம் அது.

லைவ் கிளாஸ்தான் வொர்த், ரெக்கார்டிங் மட்டும் பாத்தா பசங்க தூங்கிடும், அதோட வர்ற க்விஸ் வெறும் வருஷம் மனப்பாடம். பணம் கட்டுறதுக்கு முன்னாடி எந்த டீச்சர்னு கேட்டுக்கோங்க, தசரா எடுத்தவங்கன்னா கண்ண மூடிட்டு சேருங்க. வருஷ பேக்குக்கு ஆஃபர்னு ஞாயித்துக்கிழமை காலைல போன் வரும், ‘மீட்டிங்ல இருக்கேன்’னு கட் பண்ணிடுங்க.