நியூயார்க் மன்றமா, ஜெனீவா மனுவா?

பழங்குடி மக்களின் நில உரிமைக்கு உலக ஆதரவு திரட்ட ஐ.நா.வில் பல வழிகள் உண்டு. அதிகம் பயன்படுபவை இரண்டு: ஆண்டுதோறும் நியூயார்க்கில் கூடும் பழங்குடியினர் விவகாரங்களுக்கான நிரந்தர மன்றம், பழங்குடி உரிமைகளுக்கான சிறப்பு அறிக்கையாளருக்கு (ஐ.நா. நியமிக்கும் தனி வல்லுநர்) ஜெனீவாவுக்கு அனுப்பும் மனு.

2000இல் அமைந்த, 16 உறுப்பினர் கொண்ட மன்றம் தனிப் புகார்களை விசாரிக்காது. பேசக் கிடைப்பதும் சில நிமிடங்களே. உண்மையான பலன் முக்கிய அமர்வுக்கு வெளியே நடக்கும் பக்க நிகழ்வுகளில்தான்: நீங்கள் எதிர்க்கும் அதே சுரங்க நிறுவனத்தை எதிர்க்கும் வேற்றுநாட்டுச் சமூகங்களை அங்கே சந்திக்கலாம். பயணச் செலவுக்கு பழங்குடியினருக்கான ஐ.நா. தன்னார்வ நிதிக்கு விண்ணப்பிக்கலாம். விசாவுக்கு மாதங்கள் முன்பே முயலுங்கள்.

மனுவுக்குப் பயணம் வேண்டாம். உள்நாட்டு நீதிமன்றப் படிகளை முடித்திருக்கவும் வேண்டாம். யாருக்கு, எங்கே, எப்போது, யாரால் என்ன நேர்ந்தது என்று தேதிவாரியாக எழுதுங்கள். பத்திரிகைச் செய்தியை மட்டும் நம்பிய மனு நிற்காது. அறிக்கையாளர் அரசுக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் அனுப்பினால், அது பதிலளிக்கப் பொதுவாக 60 நாள் அவகாசம். அதன்பின் கடிதம் வெளியிடப்படும். ஆனால் பாதிக்கப்பட்டவரின் பெயர் அரசின் கைக்குப் போய்ச் சேரலாம். இது உயிர் சம்பந்தப்பட்டது. அவருடைய ஒப்புதலை முதலில் பெறுங்கள்; பெயரை மறைக்க வேண்டுமென்றால் மனுவிலேயே தெளிவாகக் கேளுங்கள்.

காட்டை அழிக்க இயந்திரங்கள் வந்துவிட்டன என்றால் மனுவே முதல் வேலை. அவசரமில்லாதபோதும் எங்கள் பரிந்துரை அதே வரிசைதான்: வெளியான கடிதத்தோடு மன்றத்துக்குப் போனால், முன்பின் தெரியாத அமைப்புகளும் உட்கார்ந்து பேசும்.