லான்ஜின்ஸ் பாக்கெட் வாட்ச்: 11 வருடப் புழக்கம்

பழைய சுவிஸ் பாக்கெட் வாட்ச் சேர்க்க ஆரம்பிப்பவர்களின் கண் முதலில் வெள்ளிக் கேஸ் மேல்தான் போகும். எனக்கும் அப்படித்தான் போனது. 11 வருடமாக ஒரு லான்ஜின்ஸைத் தினமும் சட்டைப் பையில் வைத்துப் புழங்கியபிறகு சொல்கிறேன்: பின்மூடியைத் திறந்து பேலன்ஸ் வீலைப் பாருங்கள், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரத்தை. மற்றதெல்லாம் அப்புறம்.

என்னுடையது 19 லைன் (வாட்ச் அளவைச் சொல்லும் பழைய அலகு). மூவ்மென்ட், அதாவது உள்ளே இருக்கும் இயந்திரம் மட்டுமே சுமார் 43 மில்லிமீட்டர். எனாமல் டயல், கேஸுக்குள் காட்டுக்கோழி முத்திரை, அதாவது 0.800 வெள்ளி. மூவ்மென்ட் எண்ணைக் குறிப்பிட்டு சுவிட்சர்லாந்தின் செயின்ட் இமியேவில் உள்ள நிறுவனத்துக்கே எழுதினேன். கையால் எழுதிய பழைய பேரேடுகளை இன்னும் பாதுகாக்கிறார்கள். 1911-ல் செய்தது என்று பதில் வந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பேலன்ஸின் விளிம்பு வெளியே பித்தளை, உள்ளே எஃகு. இரண்டு இடத்தில் வெட்டு விட்டிருக்கும். வெயில் ஏறினால் பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கின் விறைப்பு குறைந்து வாட்ச் மெதுவாகும். அதே வெயிலில் பித்தளை அதிகம் விரிவதால் விளிம்பின் முனைகள் உள்ளே வளைந்து, பேலன்ஸை வேகமாக ஆடவைத்து அதை ஈடுகட்டும். சென்னையில் சித்திரைக்கும் மார்கழிக்கும் நான் குறித்துவைத்த வித்தியாசம் நாளைக்கு 5 நொடிதான். இதே சிக்கலை நிக்கல் எஃகு கொண்டு இன்னும் நுணுக்கமாகத் தீர்த்தவர் சுவிட்சர்லாந்தின் ஃப்ளூரியே ஊர்க்காரரான இயற்பியலாளர் கியோம். 1920-ல் இயற்பியல் நோபல் பெற்றார்.

மூன்றாவது வருடம், சாவி கொடுத்ததும் வாட்ச்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் உடைந்தது. பழுது பார்த்தவர் கையில் கிடைத்த தடிமனான ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அன்று இரவே குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். விடிவதற்குள் பத்து நிமிடத்துக்கு மேல் முந்திவிட்டது. ஸ்பிரிங்கின் விசை அதிகமாகி, பேலன்ஸ் அளவுக்கு மீறிச் சுழன்று, அதிலுள்ள சின்னக் கல், பேலன்ஸைத் தள்ளிவிடும் கவை போன்ற ஃபோர்க்கின் பின்புறத்தில் மோதியிருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் கல் உடைந்திருக்கும். வேறொரு வயதான மெக்கானிக் பழைய ஸ்பிரிங்கின் துண்டை அளந்து, அதே தடிமனில் தேடிப் போட்டார். இன்றுவரை நாளைக்கு 15 நொடிக்குள் நிற்கிறது.

காலை ஆறரைக்குச் சாவி கொடுப்பேன். இரவில் படுக்க வைக்காமல் ஸ்டாண்டில் தொங்கவிடுவேன்; பகலில் பையில் இருப்பதுபோல் இரவிலும் நின்ற வாக்கிலேயே இருந்தால் நேரம் அதிகம் மாறாது. கடல் காற்றுக்கு எஃகுப் பாகங்கள் துருப்பிடிக்கும் என்பதால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை முழு சர்வீஸ்.

வாங்கும்போது வாட்ச்சைக் கிடையாக வைத்துப் பாருங்கள், திருப்பிப் போட்டும் பாருங்கள். இரண்டு பக்கமும் பேலன்ஸ் ஒரே வீச்சில் ஆட வேண்டும். ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு புள்ளி துரு இருந்தாலும் வேண்டாம்.

இப்போது ஜெனித் என்ற இன்னொரு சுவிஸ் நிறுவனத்தின் வாட்ச் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். டயலில் 7-லிருந்து 9 வரை மயிரிழைக் கீறல். அதனாலேயே விலை குறைவு. பேலன்ஸ் அவ்வளவு அழகாக ஆடுகிறது. ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வரப்போகிறேன்.