ஒரு சோனா சூட்டை மூன்று மாதம் பாவித்த பின்

கடந்த மார்ச் மாதத்தில் யாழ்ப்பாண நகரிலுள்ள விளையாட்டுப் பொருட் கடையொன்றில், வெளியே கறுப்பு நைலோனும் உள்ளே வெள்ளி நிறப் பூச்சும் கொண்ட, உடலை மிகுதியாக வியர்க்க வைக்கும் உடையான சோனா சூட் ஒன்றை 6,500 ரூபா கொடுத்து என் தம்பிக்காக வாங்கினேன். அவனுக்கு வயது 22. குத்துச்சண்டையில் 60 கிலோ பிரிவில் மோதுபவன். சாதாரண நாட்களில் 63 கிலோவுக்கும் 64 கிலோவுக்கும் இடையில் இருப்பவன். "இதைப் போட்டுக்கொண்டு ஓடினா ஒரு கிழமையில அஞ்சு கிலோ கொழுப்புக் கரையும் அக்கா" என்று கடையில் நின்ற பொடியன் சொன்னான். பெட்டியிலும் கிட்டத்தட்ட அதுவே அச்சிடப்பட்டிருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன். இதே பொருளைத் தங்கள் பிள்ளைகளுக்கு வாங்க நினைப்பவர்கள், வாங்குவதற்கு முன் இதை முழுமையாக வாசிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

தைப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மணிக்கட்டிலும் இடுப்பிலும் உள்ள இறப்பர்ப் பட்டிகள் நன்றாக இறுக்கிப் பிடிக்கின்றன. ஆனால் நாலாவது தடவையிலேயே வலது கமக்கட்டில் தையல் விட்டுவிட்டது. கழுவி நிழலில் காயவிட்டாலும் மணம் முற்றாகப் போவதில்லை. அளவு குறிப்பிட்டதிலும் சிறிதாக இருப்பதால் ஓரளவு பெரிதாக எடுக்க வேண்டும்.

முக்கியமான கேள்வி, இது நிறையைக் குறைக்கிறதா என்பது. குறைக்கிறது. ஏப்ரல் மாதத்தில் ஒரு விடியற்காலை, பயிற்றுநர் உடனிருக்க, தம்பி இந்தச் சூட்டுடன் பண்ணைப் பாலத்தில் 45 நிமிடம் மெதுவாக ஓடினான். ஓடுவதற்கு முன் 62.9 கிலோ, ஓடி முடித்து உடலைத் துடைத்த பின் 61.8 கிலோ. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் சட்டையைக் கழற்றியபோது, கையின் முனையிலிருந்து வியர்வை நூல்போல வடிந்து சீமெந்துத் தரையில் தேங்கியதை நானே பார்த்தேன். பிறகு அவன் ஒரு லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டுத் தராசில் ஏறினான்: 62.8 கிலோ. குறைந்தது எது என்பதை அந்த இலக்கமே சொல்லிவிட்டது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 60 கிலோ அளவிலான ஒருவர் 45 நிமிடம் ஓடினால் ஏறத்தாழ 500 கலோரி செலவாகலாம். அந்தக் கணக்கில் அன்று கரைந்த கொழுப்பு இரண்டு கைப்பிடி கச்சானின் நிறைக்கு மேல் இராது, அதுவும் சூட் இல்லாமல் ஓடியிருந்தாலும் கரைந்திருக்கும்.

நான் வாங்கும்போது அறியாதிருந்த இன்னொரு விடயம் உண்டு. வியர்ப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அந்த வியர்வை காற்றில் ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. இந்தச் சூட் ஆவியாதலைத் தடுக்கிறது, அதனால் உடல் மேலும் மேலும் வியர்க்கிறது, ஆனாலும் உட்சூடு இறங்குவதில்லை. நீர் குறையக் குறைய இரத்தத்தின் கனவளவும் குறைந்து, அதே வேலையைச் செய்ய இருதயம் வேகமாக அடிக்க வேண்டி வருகிறது. உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் போனாலே களைப்பு ஆட்டத்தில் தெரியத் தொடங்கும் என்பார்கள். 60 கிலோ வீரனுக்கு அது 1.2 கிலோ, அதாவது எங்கள் தம்பி பண்ணையில் ஒரு காலை இழந்ததை விடச் சற்றே அதிகம். பெட்டிக்குள் இருந்த தாளில் இவற்றில் ஒரு வரிகூட இல்லை.

மே மாத இறுதியில் போட்டி வந்தது. முதல் நாள் மாலை அவன் 61.9 கிலோ. காண்டாவன வெக்கை இன்னும் ஊரை விட்டுப் போகாத நாட்கள் அவை. மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, சூட்டைப் போட்டுக்கொண்டு கயிறு அடித்தான். இரவு பத்து மணிக்கு அம்மா ஒரு செவ்விளநீரை வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தபோது, அதை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினான். அவனுடைய உதடு வெடித்திருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாமல் சற்று நேரம் எழும்பியே நின்றது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் நான் சாப்பிடாமல் இருக்கிறனான், ஆனா தண்ணி குடிக்கிறனான் தம்பி" என்றார். அவனிடம் மறுமொழி இல்லை. என்னிடமும் இல்லை.

மறுநாள் காலை தராசு 59.9 கிலோ காட்டியது. அந்த அளவில் சூட் தன் வேலையைச் செய்தது என்றே எழுத வேண்டும். ஆனால் தொழில்முறைக் குத்துச்சண்டையில் பெரும்பாலும் மோதலுக்கு முதல் நாளே நிறுவை முடிந்துவிடுவதால் இழந்த நீரை மீட்க ஓர் இரவும் பகலும் கிடைக்கின்றன. எங்கள் பிள்ளைகள் விளையாடும் போட்டிகளில் காலையில் நிறுவை, அன்றே மோதல். ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசலையும் வாழைப்பழத்தையும் உள்ளே தள்ளிவிட்டு மூன்று மணித்தியாலத்தில் அவன் வளையத்துக்குள் ஏறினான். முதற் சுற்றில் நன்றாக அடித்தான். இரண்டாம் சுற்றில் கால் நகரவில்லை, கை இறங்கிவிட்டது, வழமையாகத் தலையைச் சாய்த்துத் தவிர்க்கும் நேர்குத்துகளை முகத்திலேயே வாங்கினான். புள்ளிகளில் தோற்றான். தோல்வியை விட, அந்தக் குத்துகள் விழுந்ததைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அதன் பிறகே இந்த உடையின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். 1997 நவம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் ஐந்து வாரத்துக்குள் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் நிறை குறைக்கும்போது இறந்தார்கள். சூடாக்கிய இடத்தில், நீராவி வெளியேறாத உடை அணிந்து பயிற்சி செய்திருந்தார்கள். அடுத்த ஆண்டே அந்நாட்டுக் கல்லூரி மல்யுத்தத்தில் இவ்வகை உடைகளும் சோனா அறைகளும் தடைசெய்யப்பட்டன. அங்கே தடைசெய்யப்பட்ட ஒரு பொருள், ஓர் எச்சரிக்கை வாசகம்கூட இல்லாமல் இங்கே பந்துக்கும் மட்டைக்கும் பக்கத்தில் தொங்குகிறது என்பதே இந்தப் பொருள் மீது எனக்குள்ள பெரிய முறைப்பாடு.

தொழில்முறை வீரர்களிடம் மருத்துவரும் உணவு ஆலோசகரும் இருக்கிறார்கள்; அப்படியிருந்தும் இப்படி நீரை வற்றவைத்து நிறை இறக்குவது அவர்களையே விழுத்தியிருக்கிறது. 2015 டிசம்பரில் மணிலாவில் வன் சாம்பியன்ஷிப் என்ற கலப்புச் சண்டை நிறுவனத்தின் போட்டிக்காக நிறை இறக்கிய சீன வீரர் யாங் ஜியான் பிங் 21 வயதில் உயிரிழந்தார். அதன் பின்னரே அந்த நிறுவனம் நீரை வற்றவைத்து நிறை குறைப்பதைத் தடைசெய்து, சிறுநீரைச் சோதித்து உடலில் போதிய நீர் இருக்கிறதா என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. 2017 மார்ச்சில் ரஷ்ய வீரர் கபீப் நூர்மகமெதோவ் நிறை இறக்கும்போது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டதால், யூ.எஃப்.சி. என்ற அமெரிக்கக் கலப்புச் சண்டை நிறுவனத்தில் அவர் ஆடவிருந்த இடைக்காலப் பட்டப் போட்டியே நின்றுபோனது. இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தின் கதை எல்லோரும் அறிந்தது: 2024 ஓகஸ்ட் 6ஆம் திகதி பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று மோதல்களை வென்று இறுதிக்கு வந்தவர், மறுநாள் காலை 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் நின்றதால் தகுதி இழந்தார். இரவு முழுவதும் உறங்காமல் வியர்வை சிந்தியும் அந்த 100 கிராம் இறங்கவில்லை. அவரிடம் ஒழுக்கம் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

ஒழுக்கம் என்ற சொல்லை இந்தச் சூட்டோடு சேர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் ஜிம்களிலும் இருக்கிறது. தாகத்தைப் பொறுப்பவனே உண்மையான வீரன் என்கிறார்கள். அந்தப் பேச்சை நான் இப்போது ஏற்பதில்லை. ஜூன் இறுதியிலிருந்து தம்பி வேறு வழியில் நிறை இறக்கினான். பயிற்றுநரும் உணவு பற்றிப் படித்த ஓர் அன்பரும் சேர்ந்து எட்டுக் கிழமைக்கு ஒழுங்கு எழுதிக் கொடுத்தார்கள். கிழமைக்கு 400 கிராம் வரை குறைய வேண்டும், அதற்கு மேல் வேண்டாம் என்றார்கள். இரவில் இரண்டு குழல் புட்டு ஒன்றாகி, பிறகு குரக்கன் புட்டானது; பயிற்சி முடிந்ததும் வாங்கும் சோடாவும் றோல்ஸும் நின்றன; தேநீரில் சீனி போனது. இடையில் நல்லூர்த் திருவிழா வந்து 25 நாளும் வீட்டில் சைவம் என்றானதால், மீனும் முட்டையும் இல்லாமல் புரதத்துக்கு என்ன செய்வது என்று உண்மையிலேயே திண்டாடினோம். அம்மா பயறும் கடலையும் தயிரும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். சுவாமி பார்த்துவிட்டுத் திரும்பும்போது கூட்டாளிகள் எல்லாரும் ஐஸ்கிறீம் கடைக்குள் போக, அவன் வெளியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஓர் இரவு வாயைக் கட்டுவதை விட, கண் முன்னே கடை திறந்திருக்கும் 25 மாலைகளில் கட்டுவது எவ்வளவு கடினம் என்பதை அப்போதுதான் கண்டேன். அடுத்த போட்டிக்கு முதல் இரவு அவன் 60.3 கிலோ, அளவாகத் தண்ணீர் குடித்து உறங்கி எழும்ப 59.8 கிலோ. மூச்சிலும் சிறுநீரிலும் ஓர் இரவில் அவ்வளவு இயல்பாகவே போய்விடுகிறது. அன்று மூன்று சுற்றும் நின்று ஆடினான்.

ஆகவே இந்தச் சூட்டை நான் பரிந்துரைக்கவில்லை. நிறை இறக்க வேண்டியவர்கள் அந்தப் பணத்தில் 50 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் ஒரு நல்ல இலத்திரனியல் தராசை வாங்கி, தினமும் காலையில் ஒரே நேரத்தில் ஏறிக் கொப்பியில் எழுதிவரலாம். எங்கள் பழைய தராசு மைதானத்துத் தராசை விட 300 கிராம் குறைத்துக் காட்டியதையும் புதியது வாங்கிய பிறகே கண்டுபிடித்தோம். விற்பவர்கள் குறைந்தபட்சம் "கொழுப்பைக் கரைக்கும்" என்ற வாசகத்தை மறைத்துவிட்டு, வெயிலிலும் தனியாகவும் பாவிக்கக் கூடாது என்று தமிழில் ஒரு தாள் ஒட்ட வேண்டும்.

சென்ற கிழமை பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஓர் அம்மா, பாடசாலைப் போட்டிக்குத் தயாராகும் பதினைந்து வயது மகனுக்காக இந்தச் சூட்டை இரவல் கேட்டு வந்தார். நான் கொடுக்கவில்லை. படலையடியில் நின்றபடியே தம்பிக்கு நடந்ததைச் சொல்லி, வளருகிற பிள்ளையை ஒரு பிரிவு மேலே விடும்படி கேட்டுக்கொண்டேன். பயிற்றுநரோடு பேசிவிட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.