சைகோன் ஃபோ கடையில் 4,80,000 டொங் போச்சு: பெரிய நோட்டை நீட்டும் முன் இதைப் படிங்க

சூட்டோட சூடா எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க. வியட்நாம்ல ஒரு கிண்ணம் ஃபோ (அந்த ஊர் நூடுல்ஸ் சூப்) சாப்பிட்டதுக்கு 4,80,000 டொங், அதாவது அந்த நாட்டுக் காசு, பறிபோயிருக்கு. நம்ம காசுல ஏறக்குறைய 1,600 ரூபாய். 2023ல திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு (அதுதான் சைகோன்) நேரடி விமானம் தொடங்கினதிலிருந்து நம்ம ஆளுங்க நிறையப் பேர் அங்க போறாங்க. அவங்களுக்காகத்தான் இது. என்னென்ன செஞ்சு தப்பிக்கணும்னு கடைசியில வரிசையா போடுறேன்.

கடைப் பெயரைப் போடப்போறதில்லை. முன்னாடி முதலாம் மாவட்டம்னு சொன்ன பகுதி, பேக்பேக்கர்கள் தங்குற தெருக்களுக்குப் பின்னால ஒரு சந்து. ஸ்டீல் மேசை, பிளாஸ்டிக் ஸ்டூல், வாசலிலேயே கொதிகலன், சுவத்துல விலைப்பட்டியல் இல்லை. விலையை எழுதி வைக்கணும்னு அந்த நாட்டுல சட்டமே இருக்கு. எழுதாத கடைன்னா அங்கேயே யோசிக்கணும்.

முதல்ல கிண்ணத்தைப் பத்தி, ஏன்னா அதுலயே ஏமாத்து ஆரம்பிச்சிடுச்சு. ஒழுங்கான ஃபோ கடையில ரெண்டு பாத்திரம் இருக்கும். ஒண்ணுல மாட்டெலும்பு சூப்: சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை, கருப்பு ஏலக்காய் எல்லாம் போட்டு மணிக்கணக்கா கொதிச்சது. இன்னொண்ணுல வெறும் கொதிதண்ணி. அரிசி நூடுல்ஸைக் கம்பிக் கரண்டியில அள்ளி அந்தத் தண்ணியில பத்துப் பதினைஞ்சு விநாடி முக்கி, உதறி, கிண்ணத்துல போட்டு, மேல இறைச்சியை அடுக்கி, கொதிக்கிற சூப்பை ஊத்தணும். ஃபோ மேல போடுற 'தாய்'ங்கிறது பச்சையா மெல்லிசா சீவின மாட்டிறைச்சி. அதை வேக வைக்கிறதே அந்தச் சூப்போட கொதிதான். ஊத்தின ஒரு நிமிஷத்துல சிவப்பு மாறி வெளிறணும்.

இந்தக் கடையில நூடுல்ஸை முன்கூட்டியே முக்கி, கிண்ணம் கிண்ணமா அடுக்கி வச்சிருக்காங்க. அதனால ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியா வருது, ஆறிப்போன நூடுல்ஸ் சூப்போட சூட்டையும் தின்னுடுது. சூப்புக்கு அடியில தீ பேருக்குத்தான். எலும்போட வாசனையே இல்லை. சர்க்கரையும் அஜினோமோட்டோவும்தான் நாக்குல நிக்குது. சைகோன் பக்கத்துச் சூப் ஹனோய் சூப்பை விட இனிப்பாத்தான் இருக்கும், அதுல குத்தமில்லை. ஆனா இது இனிப்புத் தண்ணி. இறைச்சி கடைசி வரைக்கும் சிவப்பாவே கிடந்தது. காட்டினா, அதே வெதுவெதுப்பான சூப்பை இன்னொரு கரண்டி ஊத்திட்டுப் போயிட்டாங்க. பச்சை முளைக்கட்டுப் பயறை மேல கொட்டினா இன்னும் ஆறிடும். கொதிதண்ணியில முக்கிக் கொடுக்கச் சொன்னா நல்ல கடைக்காரங்க முகம் சுளிக்காம கொடுப்பாங்க. இங்க கையை ஆட்டிட்டுத் திரும்பிட்டாங்க.

(மாட்டிறைச்சி சாப்பிடாதவங்களுக்கு: 'ஃபோ கா'ன்னா கோழி. ஆனா இந்த மாதிரி மலிவுக் கடையில கோழி ஃபோவுக்கும் மாட்டெலும்பு சூப்பையே ஊத்துறது உண்டு. ஒரே ஒரு சூப் பாத்திரம்தான் கண்ணுல படுதுன்னா கேட்டுட்டு உட்காருங்க.)

சாப்பாடு மோசம்னா மறந்துடலாம். பணம் போனதுதான் வயிறெரியுது. இந்தக் கடைகள்ல பில் கிடையாது. சாப்பிட்டு எழுந்து 'தின் தியென்'னு (கணக்குப் பாருங்கன்னு அர்த்தம்) சொன்னா, மேசையைப் பார்த்து மனக்கணக்குலயே சொல்லிடுவாங்க. ஃபோ 55,000. கேட்காமலே மேசையில வச்ச பொரிச்ச மாவுக்குச்சி ரெண்டு 10,000. ஐஸ் டீ 5,000. பிளாஸ்டிக் உறையில வந்த ஈர டிஷ்யூ 3,000. ஆக 73,000. ஓரத்துல வச்சதுக்கெல்லாம் காசு வாங்குறது அங்க வழக்கம்தான். அதுல சண்டை இல்லை.

கொடுத்தது 5,00,000 நோட்டு. மீதி 4,27,000 வரணும். கல்லாவில இருந்த பெண் நோட்டை வாங்கி, விரலால தேய்ச்சு, ஓரத்துல இருக்கிற கண்ணாடி மாதிரிப் பகுதியை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாங்க. கள்ளநோட்டான்னு பார்க்கிறாங்க, பொறுப்பான ஆளுன்னுதான் யாருக்கும் தோணும். சிரிச்சு, தலையாட்டி, சில்லறை எடுக்கிற மாதிரி கீரைத் தட்டுக்குப் பின்னால திரும்பினாங்க. திரும்பி வந்தப்ப கையில இருந்தது 20,000 நோட்டு. "நீங்க கொடுத்தது இதுதான், இன்னும் 53,000 கொடுங்க"ன்னு போன்ல எண்ணைத் தட்டிக் காட்டுறாங்க!

ஒண்ணு கேக்குறேன், 20,000 நோட்டை எந்தக் கடைக்காரராவது வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பாரா? கள்ளநோட்டுப் பயம் பெரிய நோட்டுக்குத்தானே. அப்படிப் பார்த்ததே அது 5,00,000ன்னு அவங்களுக்குத் தெரியும்ங்கிறதுக்குச் சாட்சி.

இந்த வேலை எப்படி நடக்குதுன்னா, ரெண்டு நோட்டும் பாலிமர், ரெண்டும் நீலம், ரெண்டுலயும் முன்பக்கம் அந்த நாட்டுத் தலைவரா இருந்த ஹோ சி மின் படம். ரெண்டுக்கும் உயரம் ஒண்ணு, 65 மி.மீ. நீளம்தான் வேற: 20,000 நோட்டு 136 மி.மீ., 5,00,000 நோட்டு 152 மி.மீ. மடிச்சுப் பிடிச்சா அந்த 16 மி.மீ. எங்க தெரியப்போகுது? பின்பக்கம் பார்த்தாத்தான் சட்டுனு பிடிபடும். 20,000ல ஹோய் ஆன்ங்கிற ஊரோட கூரை போட்ட பாலம், 5,00,000ல ஹோ சி மின்னோட ஊரான கிம் லியென். சுற்றுலா வந்தவங்களுக்குச் சுழியம் எண்ணவே நேரம் பிடிக்கும். தான்தான் மாத்திக் கொடுத்துட்டோமோன்னு அவங்களே சந்தேகப்படுவாங்க, அந்தச் சந்தேகம்தான் இவங்களுக்கு முதலீடு. இதே ஆட்டம் 10,000க்கும் 2,00,000க்கும் கூட நடக்கும், மங்கின வெளிச்சத்துல ரெண்டும் பழுப்புதான்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. சூப் ஊத்துற ஆள் நிமிர்ந்தே பார்க்கலை. மொழிபெயர்ப்புச் செயலியில எழுதிக் காட்டினா, "உங்க பர்ஸைப் பாருங்க"ன்னு பதில் வருது. கல்லாவுக்கு நேர் மேல கேமரா தொங்குது, கேட்டா "வேலை செய்யலை." முதலாளி எங்கேன்னா "சாயங்காலம் வருவார்." சாயங்காலம் போனா கல்லாவில வேற ஆள், "காலை வேலை எனக்குத் தெரியாது." வாசல்ல நாலு பேர் கூடிட்டாங்க, வாடிக்கையாளருக்கு வழி விடுங்கன்னு கையைக் காட்டுறாங்க. பக்கத்துக் காவல் நிலையத்துல பொறுமையா கேட்டுக்கிட்டு, ரசீது இருக்கா, சாட்சி இருக்கான்னாங்க. ரசீதே கொடுக்காத கடையில ரசீதுக்கு எங்க போறது? வரைபடச் செயலியில எழுதின விமர்சனத்தையும் தூக்கிட்டாங்க. அந்தக் கடைக்கு அங்க நாலரை நட்சத்திரம் வேற.

கூடுதலா வாங்கின 53,000த்தையும் சேர்த்தா 73,000 டொங் சாப்பாட்டுக்குக் கொடுத்தது 5,53,000. அதாவது 4,80,000 டொங், முழுசா 1,600 ரூபாய், ஒரு ஆறின கிண்ணத்துக்குக் கூலி. அதே காசுக்கு அதே ஊர்ல நல்ல ஃபோ எட்டுக் கிண்ணம் சாப்பிடலாம்.

சரி, சொன்ன மாதிரி என்ன செய்யணும்னு. இப்ப இருக்கிற கோபத்துல இவ்வளவுதான் வருது:

5,00,000 நோட்டை இந்தக் கடைகள்ல எடுக்கவே எடுக்காதீங்க. ரசீது அடிச்சுக் கொடுக்கிற சூப்பர் மார்க்கெட்ல தண்ணி பாட்டில் வாங்கிச் சில்லறை மாத்திக்குங்க.

20,000த்தையும் 5,00,000த்தையும் ஒரே பர்ஸ்ல வைக்காதீங்க.

பெரிய நோட்டு கொடுத்தே ஆகணும்னா மேசையில விரிச்சு வச்சு, நோட்டு எண் தெரியுற மாதிரி போன்ல படம் எடுத்துட்டு, 500000ன்னு தட்டிக் காட்டிட்டுக் கொடுங்க. மீதி வர்ற வரைக்கும் அந்தக் கையிலிருந்து கண்ணை எடுக்காதீங்க. திரும்பினா நீங்களும் கூடவே போங்க.

உட்காரும்போதே விலை கேளுங்க. கேட்காம வச்ச தட்டைத் தள்ளி வைங்க.

பிரச்சினைன்னா அங்க நின்னபடியே 113க்கு, அதாவது போலீசுக்கு, போன் போடுங்க. சாயங்காலம் வாங்கன்னா கிளம்பாதீங்க.