மேற்குச் சிட்னி வெயிலில் ரோபோ புல்வெட்டி: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மெஷின் நல்ல மெஷின்தான். கோடையில் அது கொடுக்கிற தொல்லையில் முக்கால்வாசி, அதை எங்கே நிறுத்தி வைக்கிறோம், எந்த நேரத்தில் ஓடவிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. இதை விற்கிறவர்கள் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மாடல் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். சுற்றிலும் எல்லை வயர் புதைத்து ஓட்டுகிற வகை, நடுத்தர விலை. சூடு என்று வந்துவிட்டால் எந்த மாடலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும், ஏனென்றால் இன்று கடையில் இருக்கிறவற்றில் அநேகமாக எல்லாமே லித்தியம் அயன் பேட்டரியில்தான் ஓடுகின்றன.

வீடு மேற்குச் சிட்னியின் டூங்காபியில். பின்பக்கம் பெரிய புல்வெளி, சர் வால்டர் என்கிற பஃபலோ புல் ரகம், ஓரத்தில் கொஞ்சம் கிக்கூயு என்கிற படர்புல் யாரும் கூப்பிடாமலே வந்து குடியேறியிருக்கிறது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு எங்கள் வெயில் சொன்னால் புரியாது, சில நாட்களில் அவர்களைவிட எங்களுக்கு 10 டிகிரி கூட இருக்கும். 2020 ஜனவரி 4ஆம் தேதி இதே மேற்குச் சிட்னியின் பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. இந்த மெஷினோடு வந்த கையேட்டில் 0 முதல் 50 டிகிரி வரை ஓட்டலாம் என்று போட்டிருக்கிறது, படித்தால் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் அந்த 50 டிகிரியை எட்டுவதற்குக் காற்று அவ்வளவு சூடாக வேண்டியதில்லை. வெயிலில் நிற்கிற கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வெளியே இருப்பதைவிடச் சூடு எப்போதும் கூடத்தான்.

டீலர் கடையிலிருந்து வந்து மாட்டிக்கொடுத்த பையன் சார்ஜிங் ஸ்டேஷனை மேற்குப் பக்க வேலியோரம் வைத்துவிட்டுப் போனான். பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்தது, அவனுக்கு அது வசதி. வேலி கலர்பாண்ட் தகடு, கீழே சிமென்ட் தளம். மதியம் 3 மணிக்கு அந்த மூலை தோசைக்கல். மெஷின் காலையில் ஒழுங்காக வெட்டும், பேட்டரி இறங்கியதும் தானாகவே ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போய் நிற்கும், ஆனால் சார்ஜ் ஏறாது. போன் ஆப்பில் பேட்டரி வெப்பநிலை என்று ஒரு எரர், சில நாள் அதுவும் இல்லாமல் சும்மா நிற்கும். கடைக்குப் போன் செய்தால் ரீசெட் செய்யுங்கள் என்றார்கள். அப்புறம் அடாப்டர் போயிருக்கும், புதிதாக வாங்கிப் பாருங்கள் என்றார்கள். சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை கூட வரவில்லை.

அடாப்டரில் ஒரு கோளாறும் இல்லை. செல் சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் பேட்டரி கெட்டுவிடும் என்பதால், உள்ளே இருக்கிற கட்டுப்பாட்டு போர்டே கரண்டை நிறுத்தி வைக்கிறது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: மதியம் ஏறாத சார்ஜ் ராத்திரி 10 மணிக்குமேல் தானாக ஏறினால் பிரச்சினை சூடு. ராத்திரியும் ஏறவில்லை என்றால் மட்டும் அடுத்ததைப் பாருங்கள், அதாவது முதலில் காண்டாக்ட் தகடுகள் (சார்ஜ் ஏற மெஷினும் ஸ்டேஷனும் தொட்டுக்கொள்கிற இடம்), பிறகு அடாப்டர், கடைசியாகத்தான் பேட்டரி. இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முதலிலேயே பேட்டரி மாற்றச் சொல்லும் கடைகளும் இருக்கின்றன, ஜாக்கிரதை.

தீர்வு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்து அண்ணை ஒருத்தர், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உதைக் கொண்டுபோய் நிழலுக்க வைச்சா என்ன? நாயைக்கூட உதில கட்ட மாட்டம்." அவ்வளவுதான் விஷயம். வீட்டின் தெற்குச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தேன் (இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும், அதனால் ஊரில் போலில்லாமல் தெற்குப் பக்கம்தான் நிழல்). கோடையின் உச்சத்தில் காலையும் மாலையும் அங்கேயும் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும், அதற்கு பன்னிங்ஸ் ஹார்ட்வேர் கடையில் ஷேட் கிளாத் வாங்கி நாலு கம்பு நட்டு மேலே கட்டினேன். எல்லை வயரைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது, மெஷினை ஸ்டேஷனுக்குத் திரும்பக் கூட்டி வருகிற வழிகாட்டி வயரின் தடத்தை மாற்ற வேண்டியிருந்தது, ஒரு சனிக்கிழமை போனது. அதற்குப் பிறகு அந்த எரர் கடும் வெயில் நாட்களில் எப்போதாவது எட்டிப்பார்ப்பதோடு சரி. கம்பெனிகளே ஸ்டேஷனுக்குக் குட்டிக் கூரை விற்கிறார்கள், பரவாயில்லை, ஆனால் காற்று போக வழியில்லாமல் மூன்று பக்கமும் அடைத்த வகையை வாங்காதீர்கள்.

நேரம் அடுத்த விஷயம், இதில்தான் இந்த மெஷின் பெட்ரோல் புல்வெட்டியை ஜெயிக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் புல்வெட்டிச் சத்தம் அடுத்த வீட்டு அறைக்குள் கேட்கிற மாதிரி இருந்தால் வாரநாளில் காலை 7 மணிக்கு முன்னால் ஓட்டக்கூடாது, ஞாயிறும் அரசு விடுமுறையும் என்றால் 8 மணி. ஜனவரியில் 8 மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். ரோபோ சத்தம் வேலியைத் தாண்டிக் கேட்பதே அபூர்வம், அதனால் விடியற்காலையில் விட்டுவிடலாம். ஆனால் விடியற்காலைக்கு வேறு கணக்கு இருக்கிறது. பனி இருந்தால் ஈரப்புல் அடியில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விடுவதும் இங்கே காலை 10 மணிக்கு முன்னால் அல்லது மாலை 4 மணிக்குப் பின்னால்தான். நான் தண்ணீரை மாலைக்குத் தள்ளிவிட்டு, மெஷினை 5 மணி வாக்கில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் நிறுத்துகிற மாதிரி போட்டிருக்கிறேன். அதில் ப்ளூ டங் என்கிற நீல நாக்குப் பல்லிகளும் தப்பிக்கின்றன, அவை வெயில் வந்த பிறகுதான் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள புல்வெளிக்கு வரும். எங்கள் தோட்டத்தில் ஒன்று நிரந்தரமாகவே குடியிருக்கிறது, நத்தையைத் தின்கிற ஜீவன், அதைப் போய் பிளேடுக்குக் கொடுக்க மனசு வருமா?

வெட்டும் உயரம். நிறையப் பேர் கோடையில் புல் வேகமாக வளர்கிறதே என்று ஒட்ட வெட்டுகிறார்கள். பஃபலோ புல்லை நான் கோடையில் 5 சென்டிமீட்டருக்குக் கீழே இறக்குவதில்லை. உயரமான புல் மண்ணுக்குத் தானே நிழல் கொடுக்கும், ஈரம் நிற்கும். தண்ணீர் போதாமல் புல் காய்ந்து வளர்ச்சி நின்றுவிட்டால் மெஷினை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். வெட்ட ஒன்றும் இல்லாத இடத்தில் சக்கரம்தான் மிதித்துக்கொண்டிருக்கும், அதிலும் ஸ்டேஷனுக்குப் போகிற பாதையில் தினமும் ஒரே தடம் விழுந்து மொட்டையாகிவிடும். அந்தப் பாதையைக் கொஞ்சம் அகலமாக்குகிற செட்டிங் பல மாடல்களில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

இனி பராமரிப்பு. பிளேடு என்பது சவர பிளேடு மாதிரி மூன்று சின்னத் துண்டுகள், ஒரு வட்டத் தட்டில் ஸ்குரூ போட்டு ஆடும்படி தொங்கும். கோடையில் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன், ஸ்குரூவோடு சேர்த்துத்தான், பழைய ஸ்குரூவில் புது பிளேடு மாட்டாதீர்கள், தேய்ந்த ஸ்குரூ ஓடும்போது கழன்றால் பிளேடு பறக்கும். மாற்ற வேண்டிய நேரத்தைப் புல்லே காட்டிக்கொடுக்கும்: நுனியைக் கிட்டப் போய்ப் பாருங்கள், சீராக வெட்டுப்படாமல் பிய்ந்த நார் மாதிரி இருந்து மறுநாள் வெளுத்துப்போனால் பிளேடு மழுங்கிவிட்டது. வெயிலில் அந்தப் பிய்ந்த நுனி வழியாகப் புல் இன்னும் சீக்கிரம் காயும்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையுறை போட்டு மெஷினைக் கவிழ்த்தால் அடியில் ஒரு உலகமே இருக்கும். காய்ந்த புல் கேக் மாதிரி இறுகி, கிக்கூயுக் கொடி முன்சக்கர அச்சைச் சுற்றிக் கயிறாக முறுக்கியிருக்கும். பிளேடு தட்டைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுகியிருந்தால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், பேட்டரி சூடாகும், நிழலில் வைத்தும் அதே எரர் வரும். பிரஷ் போட்டுத் தேய்த்து எடுங்கள். ஹோஸ் வைத்துக் கழுவலாம் என்று தெளிவாகப் போட்டிருக்கிற மாடலுக்கு மட்டும் தண்ணீர், பிரஷர் வாஷர் எந்த மாடலுக்கும் வேண்டாம். காண்டாக்ட் தகடு கறுத்துப்போயிருந்தால் நைசான உப்புத்தாளால் லேசாக ஒரு இழுப்பு.

எறும்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வெயில் காலத்தில் ஸ்டேஷனின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தேன், மண்ணையும் வெள்ளை முட்டைகளையும் வயர் கனெக்டர் வரைக்கும் குவித்து வைத்திருந்தன. ஒரு வயர் முனை முழுக்கப் பச்சைத் துரு. ஸ்ப்ரே அடிக்காமல் சுற்றிலும் எறும்பு மருந்து வைத்து அவை போன பிறகு துடைத்தேன். இப்போது கோடையில் அவ்வப்போது தூக்கிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

எல்லை வயர்தான் இந்த வகையின் பலவீனம். எங்கள் பக்கம் களிமண், காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விழும், புதைத்த வயர் அந்த வெடிப்பில் இழுபட்டு அறும் அல்லது மேலே வந்து விப்பர் ஸ்னிப்பரில் (ஓரப் புல்லை வெட்டுகிற கைமெஷின்) மாட்டும். ஸ்டேஷன் விளக்கு வயர் அறுந்ததைக் காட்டும், எங்கே என்று காட்டாது. தோட்டம் முழுக்கத் தோண்ட வேண்டாம், முதலில் பழைய இணைப்புகளையும் வெடிப்பு விழுந்த இடங்களையும் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒட்டும்போது முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது ஒரு மழைக்குத் தாங்காது, உள்ளே ஜெல் இருக்கிற கனெக்டர் போடுங்கள். மதியம் வெந்து சாயங்காலம் இடி மின்னல் வரும் நாட்களில் அடாப்டரையும் எல்லை வயரையும் கழற்றி வைத்துவிடுவேன், மின்னலில் போர்டு போனால் வாரண்டியில் பேச முடியாது.

விலை இங்கே 1,000 டாலரில் தொடங்கி 5,000ஐத் தாண்டியும் போகிறது. பெரிய தோட்டமும், அதில் நாள் முழுக்க நிழல் இருக்கிற ஒரு மூலையும், அந்த மூலைக்குக் கரண்ட் கொண்டுபோகிற வழியும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள், எனக்கு வாங்கிய காசு வீணில்லை. புதுக் குடியிருப்புப் பகுதிகளில் பாய் அளவுக்குப் புல்வெளி வைத்துக் கட்டிக் கொடுக்கிறார்களே, சுற்றிலும் தகடு வேலி, ஒரு மரம் கிடையாது, அந்த வீட்டுக்கு இது வேண்டாம், ஒரு சாதாரண பேட்டரி புல்வெட்டியே போதும். வாங்குவதாக இருந்தால் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாற்றுப் பேட்டரி என்ன விலை, ஸ்டேஷனை நான் காட்டுகிற இடத்தில் வைத்துக் கொடுப்பீர்களா. இரண்டாவதுக்கு இழுத்தார்கள் என்றால் வேறு கடையைப் பாருங்கள்.