மார்ஸ் ஹில் பாட்காஸ்ட்: பிரசங்கத்தைவிட சபைச் சட்டத்தைக் கவனியுங்கள்

‘தி ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் மார்ஸ் ஹில்’ அமெரிக்காவின் கிறிஸ்டியானிட்டி டுடே பத்திரிகை 2021 ஜூனில் தொடங்கிய பாட்காஸ்ட். தொகுத்து வழங்குபவர் மைக் காஸ்பர். கேட்கக் காசு வேண்டாம், நடுநடுவே விளம்பரம் வரும். ஒரு பகுதி ஏறத்தாழ ஒரு மணி நேரம், சில இன்னும் நீளம். சியாட்டிலில் 1996-இல் ஒரு வீட்டு வேதபாடக் கூட்டமாகத் தொடங்கி, ஐந்து மாநிலங்களில் 15 கிளைகள், வாரம் 12,000 பேருக்கு மேல் என்று வளர்ந்து, 2015 பிறந்தபோது கலைக்கப்பட்ட மார்ஸ் ஹில் சபையின் கதை இது. போதகர் மார்க் டிரிஸ்கால்.

ஒலித் தயாரிப்பு பிரமாதம். தொடரின் பெரிய குறையும் அங்கேதான். டிரிஸ்கால் பேட்டி கொடுக்கவில்லை. அதனால் அவருடைய பழைய பிரசங்கங்களை வெட்டி, இசை சேர்த்துப் போடுகிறார்கள். மனிதருக்கு நகைச்சுவை உண்டு, வேகம் உண்டு, கோபம்கூடக் கேட்க நன்றாக இருக்கிறது. மூன்றாவது பகுதிக்குள் கேட்கிறவரும் பாதி ரசிகராகிவிடுகிறார். பீடத்திலிருந்து ஒருவரை இறக்க வந்த தொடர், அவர் கையிலேயே மைக்கைக் கொடுத்திருக்கிறது.

‘ஸ்டேட் ஆஃப் எமர்ஜென்சி’ என்ற பகுதிக்காகவே இதைக் கேட்க வேண்டும். விஷயம் 2007-இல் நடந்த சபை விதித் திருத்தம். கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் பீடம் கட்டப்பட்டது மேடையில் அல்ல, அந்தக் காகிதத்தில்தான். அதுவரை சபையை நடத்தும் மூப்பர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவுகள் ஒரு சிறு நிர்வாக வட்டத்தின் கைக்குப் போயின. எதிர்த்துக் கேட்டவர்கள் பால் பெட்ரி, பென்ட் மேயர் என்ற இரு மூப்பர்கள். செப்டம்பர் கடைசியில் இருவருக்கும் வேலை போனது. மறுநாளே டிரிஸ்கால் பேசியது பதிவாகியிருக்கிறது: மார்ஸ் ஹில் பஸ்ஸுக்குப் பின்னால் பிணக்குவியல் கிடக்கிறது, அது மலையாகும், பஸ்ஸில் ஏறு, இல்லையென்றால் அடிபடு. பெட்ரி குடும்பத்தோடு பழக வேண்டாம் என்று விசுவாசிகளுக்கும் சொல்லப்பட்டது. மற்ற மூப்பர்களில் பலர் சபையிடம் சம்பளம் வாங்கியவர்கள். அவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று வியக்க ஒன்றுமில்லை.

பிறகு கண்காணிப்புக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். அதில் வெளியூர்ப் பிரபலங்களும் இருந்தார்கள். பார்க்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் சியாட்டிலில் திங்கட்கிழமை அலுவலகத்தில் யார் யாரைக் கத்தினார் என்பது வேறு ஊரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? குழுவிலிருந்து 2014-இல் விலகிய எழுத்தாளரும் போதகருமான பால் டிரிப்பும் ஏறக்குறைய இதையே காரணமாகச் சொன்னார்: சபை வாழ்க்கையை நேரில் பார்க்காத குழுவால் கண்காணிக்க முடியாது. அதே குழுவில் இருந்த போதகர் ஜேம்ஸ் மெக்டொனால்டை 2019-இல் அவருடைய சொந்தச் சபையே பதவிநீக்கம் செய்தது. பெரிய பெயர்கள் பெரிய பெயருக்குக் காவல் நின்றால் இப்படித்தான்.

பண விஷயத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள். டிரிஸ்காலின் திருமண வாழ்க்கைப் புத்தகத்தை அதிகம் விற்கும் நூல்களின் பட்டியலில் ஏற்ற, ஒரு நிறுவனத்தோடு சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது சபை. 2012 ஜனவரியில் புத்தகம் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடம். செலவு சபையுடையது, புகழ் போதகருடையது. விஷயம் 2014 மார்ச்சில்தான் வெளியே வந்தது. ஆகஸ்டில் சபையின் 21 முன்னாள் போதகர்கள் அவர்மீது முறைப்படி குற்றச்சாட்டு கொடுத்தார்கள், அக்டோபரில் டிரிஸ்கால் விலகினார். அவர் போனதும் சபை மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

நம் வாசகர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றினால், சென்னையில் பிறந்து உலகமெங்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடிய பேச்சாளர் ரவி சகரியாஸை நினைத்துக்கொள்ளலாம். 2020-இல் அவர் இறந்தபிறகு, 2021 பிப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை பாலியல் அத்துமீறல்களை உறுதி செய்தது. ஆனால் 2017-இலேயே ஒரு பெண்ணின் புகார் வெளியே வந்திருந்தது. அப்போது அவருடைய ஊழிய நிறுவனத்தின் நிர்வாகக் குழு சகரியாஸ் சொன்ன விளக்கத்தையே நம்பியது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் யார் என்பதைக்கூட நிறுவனம் ரகசியமாக வைத்திருந்தது.

சபைக் குழுவாகக் கேட்பதென்றால், முதல் பகுதியும் 2007 பற்றிய பகுதியும் போதும். கேட்டு முடித்ததும் உங்கள் சபையின் டிரஸ்ட் பத்திரத்தையோ சங்க விதிகளையோ எடுத்து மேசையில் வையுங்கள். போதகரை நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர்களையே போதகர் நீக்க முடியுமா? அவருடைய சம்பளத்தைப் பேசும்போது அவர் வெளியே போகிறாரா? காசோலையில் இரண்டாவது கையெழுத்து மனைவியுடையதா, மகனுடையதா? வேலையை விட்டுப் போகிறவரிடம் எதையும் வெளியே பேசமாட்டேன் என்று எழுதி வாங்குகிறார்களா? புகார் வந்தால் 1 தீமோத்தேயு 5:19-ஐக் காட்டி இரண்டு மூன்று சாட்சி கேட்பவர்கள் உண்டு. அடுத்த வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். பாவம் செய்தவர்களை எல்லோர் முன்பாகவும் கடிந்துகொள்ளச் சொல்கிறது.

இன்னொரு சங்கதி. இந்தத் தொடரை வெளியிட்ட பத்திரிகையே, தன் அலுவலகத்தில் பெண் ஊழியர்கள் கொடுத்த புகார்களைப் பல ஆண்டுகள் சரியாகக் கவனிக்காமல் விட்டதை 2022 மார்ச்சில் தானே செய்தியாக வெளியிட்டது. ஆகவே தொகுப்பாளரின் தீர்ப்புகளையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. பெண்களைப் பற்றிய பகுதியில் பேச்சு பச்சையாக இருக்கும். வாலிபர் கூட்டத்தில் போடுவதற்கு முன் பொறுப்பாளர் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுவது நல்லது.